பேர்போன் லேப்டாப்: நகரியில் உட்கார்ந்து யோசித்தால் எது சரி?

பேர்போன் லேப்டாப் வாங்கி ராம், எஸ்எஸ்டி எல்லாம் நாமே போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கிற பிள்ளைகள் பெரும்பாலும் பிராசசரில்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். ஏஎம்டியின் ரைசனா, இன்டெலின் கோர் அல்ட்ராவா, கிராபிக்ஸ் எத்தனை ஜிபி என்று. நான் திருப்பிக் கேட்பது வேறு. மூன்றாம் வருஷம் பேட்டரி உப்பினால் புது பேட்டரி எங்கிருந்து வரும்? விசிறி கிறீச்சிட்டால் யாரிடம் போவீர்கள்? அடாப்டர் செத்தால் மறுநாள் காலைக்குள் வேறொன்று கிடைக்குமா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்த பிறகுதான் பிராசசர். நகரி, புத்தூர், திருத்தணி, பள்ளிப்பட்டு என்று ஆந்திர, தமிழ்நாடு எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற நமக்கு இதுதான் சரியான வரிசை என்பது என் உறுதியான கருத்து. அதை வைத்தே கண்ணுக்குத் தெரிகிற வழிகளை இங்கே எடைபோடுகிறேன்.

பேர்போன் என்றால் உடல், மதர்போர்டு, திரை, கீபோர்டு, பேட்டரி, விசிறி இவை சேர்ந்து வரும். ராம், எஸ்எஸ்டி, விண்டோஸ், சில மாடல்களில் வைஃபை கார்டு ஆகியவை நம் பொறுப்பு. டெஸ்க்டாப் அசெம்பிள் செய்து பழகியவர்கள் அதே சுதந்திரம் இங்கேயும் இருக்கும் என்று நினைத்து வருகிறார்கள். இருக்காது. டெஸ்க்டாப்புக்கு 1995ல் வந்த ஏடிஎக்ஸ் அளவு இன்றும் நிற்கிறது. ஒரு கம்பெனி போர்டு இன்னொரு கம்பெனி கேபினெட்டில் உட்காரும். லேப்டாப்புக்கு அப்படியொரு பொது அளவு அமையவே இல்லை. 2005, 2006 வாக்கில் இன்டெல் திரை, கீபோர்டு, பேட்டரி, அடாப்டர், ஹார்ட் டிஸ்க் உள்ளிட்ட ஏழு பாகங்களையாவது பொதுவாக்கப் பார்த்தது. அது நிலைக்கவில்லை. பிராசசரை மாற்றும் வசதியும் போய்விட்டது. 2020ல்கூட டெஸ்க்டாப் ரைசனுக்கான ஏஎம்4 சாக்கெட் வைத்த ஒரு உடலை க்ளெவோ என்ற கம்பெனி தந்தது. 16 கோர் ரைசன் 9 3950எக்ஸ் அதில் ஓடியது. இன்று வருகிற உடல்களில் பிராசசரும் கிராபிக்ஸும் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. ஆக, பேர்போன் வாங்குகிற அன்றைக்கு எந்தப் பிராசசரோ அதுவேதான் கடைசிவரை. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு, அதற்கு வருகிறேன்.

நம் ஊர் நிலைமையைச் சொல்லாமல் இந்த ஒப்பீட்டைச் செய்ய முடியாது. நகரி, ஏகாம்பரகுப்பம், நாராயணவனம் பக்கம் விசைத்தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. தறியிலிருந்து கிளம்பும் பஞ்சு கண்ணுக்குத் தெரியாமல் வீடெல்லாம் பரவும். லேப்டாப் விசிறி அதை உள்ளே இழுத்து, சூட்டை வெளியேற்றும் செம்புத் தகடுகளின் வாயில் கொண்டுபோய் ஒட்டும். தறி வீட்டு லேப்டாப் ஒன்றைத் திறந்து பார்த்தால், விசிறிக்கும் தகடுகளுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில், நெய்து எடுத்த துணி மாதிரியே ஒரு அடை இருக்கும். ட்வீசரால் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தால் கிழியாமல் ஒரே துண்டாக வரும். அதை எடுத்துவிட்டு மூடினால், அதுவரை சூட்டில் திணறி வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்த மெஷின் பழையபடி ஓட ஆரம்பிக்கும். ஆகவே நமக்கு வேண்டியது வருஷத்துக்கு ரெண்டு தடவையாவது பயமில்லாமல் திறந்து மூடக்கூடிய உடல். மெல்லிசாக, அழகாக, பிளாஸ்டிக் கொக்கிகளால் இறுக்கி மூடிய மாடல் எத்தனை வேகமாக இருந்தாலும் தறித் தெருவுக்கு ஆகாது.

அடுத்தது கரண்ட். லேப்டாப் அடாப்டர்கள் 100 வோல்ட்டிலிருந்து 240 வோல்ட் வரை தாங்கும்படி செய்யப்பட்டவை. லோ வோல்டேஜில் அவ்வளவு சுலபமாகக் கெடாது. கரண்ட் போய்த் திரும்பி வருகிற அந்த நொடியில் எழும் ஸ்பைக்தான் அடாப்டருக்கு எமன். அதனால் அடாப்டர் எந்தக் கடையிலும் கிடைக்கிற வகையாக இருப்பது முக்கியம். டைப்-சி வழியாக 65 வாட்டில் சார்ஜ் ஆகிற மெஷின் என்றால் திருத்தணி பஜாரிலேயே வேலை முடியும். தனி வகைப் பின் வைத்த 180 வாட், 230 வாட் அடாப்டர் என்றால் ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

பாகங்களுக்கு நமக்கு மூன்று திசைகள் உண்டு. சென்னை ரிச்சி தெரு, பெங்களூரு எஸ்.பி. ரோடு, அவசரத்துக்குத் திருப்பதி. திருத்தணியில் மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரலில் இறங்கி, மவுண்ட் ரோடு பக்கம் போய், வாங்கிக்கொண்டு சாயங்காலம் வீடு திரும்பலாம். இது பெரிய வசதி. ஆனால் அந்தத் தெருவில் எந்தக் கம்பெனி, எந்த மாடலின் பாகம் கிடைக்கிறதோ அதுவரைதான் அந்த வசதி.

ஃபிரேம்வொர்க்

அந்த விதிவிலக்கு இதுதான். நிரவ் படேல் என்பவர் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய கம்பெனி; முதல் லேப்டாப் 2021ல் வந்தது. ராம், எஸ்எஸ்டி, விண்டோஸ், சார்ஜர் இல்லாமல் நாமே பொருத்திக்கொள்ளும் வகை அப்போது 749 டாலரில் தொடங்கியது. பழுதுபார்ப்பதற்கு எவ்வளவு எளிது என்று மதிப்பெண் போடும் ஐஃபிக்ஸிட் இதற்குப் பத்துக்குப் பத்து கொடுத்தது. அடியில் ஐந்தே ஸ்க்ரூ. கழற்றினாலும் அவை உடலைவிட்டு விழாது. கூடவே வரும் ஒரே ஸ்க்ரூடிரைவரில் முழு மெஷினும் பிரியும். கீபோர்டு இருக்கும் மேல்தட்டு காந்தத்தில் நிற்கிறது, தூக்கினால் வந்துவிடும். உள்ளே ஒவ்வொரு பாகத்திலும் பெயரும் ஒரு க்யூஆர் கோடும் அச்சிட்டிருக்கிறார்கள். போனில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாகத்தை மாற்றும் முறை வந்து நிற்கும்.

பெரிய விஷயம் மதர்போர்டு. 2021ல் இன்டெல் 11ஆம் தலைமுறையோடு வாங்கிய 13 இஞ்ச் உடலிலேயே 2025ல் வந்த ரைசன் ஏஐ 300 போர்டு உட்காரும். திரை, கீபோர்டு, உடல் எல்லாம் அப்படியே இருக்க, போர்டை மட்டும் மாற்றினால் போதும். கழற்றிய பழைய போர்டையும் தூக்கிப்போட வேண்டாம், தனிக் கம்ப்யூட்டராக ஓட்டலாம். ஒரு கணக்கை மட்டும் மறந்துவிடாதீர்கள். இன்டெல் 11, 12, 13ஆம் தலைமுறை போர்டுகளுக்கு டிடிஆர்4 ராம். ரைசன், கோர் அல்ட்ரா போர்டுகளுக்கு டிடிஆர்5. பழைய போர்டிலிருந்து ரைசனுக்கு மாறினால் ராமும் புதிதாக வாங்க வேண்டும்.

வடிவமைப்பில் இதற்குப் பக்கத்தில் நிற்கிற இன்னொன்றை எனக்குத் தெரியாது. அப்படியானால் இதையே வாங்கச் சொல்லலாமே? இங்கேதான் இடம் குறுக்கே வருகிறது. இந்தக் கம்பெனி அமெரிக்கா, கனடாவில் தொடங்கி ஐரோப்பா, ஆஸ்திரேலியா, தைவான் என்று விரிந்தது. பல வருஷங்களாக இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர் வாங்கிக் கொண்டுவந்து தர வேண்டும். புத்தூர்ப் பக்கம் இன்ஜினியரிங் படிக்கும் என் அண்ணன் மகள் இதைத்தான் கேட்டாள்.

"சித்தப்பா, டெக்சாஸ் மாமா பொங்கலுக்கு வராரு. எடுத்துட்டு வரச் சொல்லலாமா?"

"சொல்லலாம்மா. பேட்டரி போச்சுன்னா அடுத்த பொங்கல் வரைக்கும் என்ன பண்ணுவ?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். யோசிக்க வேண்டிய கேள்விதான் அது. தனியாக லித்தியம் பேட்டரியை பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதை 2016 ஏப்ரலிலிருந்து உலகமெங்கும் நிறுத்திவிட்டார்கள். அதனால் உதிரி பேட்டரியை வெளிநாட்டிலிருந்து கூரியரில் வரவழைப்பது ராம் வரவழைப்பதைப் போல எளிதல்ல. ஆள் கொண்டுவருவதானால் கைப்பையில் கொண்டுவரலாம், பெட்டிக்குள் போடக் கூடாது; 100 வாட்-அவர் (பேட்டரியின் கொள்ளளவு) வரை தனி அனுமதி தேவையில்லை. ஃபிரேம்வொர்க் 13ன் பேட்டரி 55 அல்லது 61 வாட்-அவர்தான்.

வருஷம் தவறாமல் வந்துபோகிற சொந்தம் இருந்தால், ஐந்தாறு வருஷம் ஒரே மெஷினை வைத்து வளர்த்துக்கொண்டு போகிற மனசு இருந்தால், இதை வாங்குங்கள். வாங்கும்போதே விசிறியோடு கூடிய ஹீட்சிங்க் ஒன்றைச் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சு ஊரில் முதலில் ஓய்வது அதுதான். சார்ஜர் கவலை இல்லை, டைப்-சிதான்.

க்ளெவோவும் அதன் உறவுகளும்

பேர்போன் என்ற சொல்லுக்கு உண்மையான சொந்தக்காரர்கள் இவர்கள்தான். க்ளெவோ 1983ல் தொடங்கிய தைவான் கம்பெனி. தன் பெயரில் கடை வைத்து விற்பதைவிட, உடலைச் செய்து மற்றவர்களுக்குக் கொடுப்பதுதான் அதன் தொழில். அமெரிக்காவின் சிஸ்டம்76, சேகர், ஜெர்மனியின் டக்சீடோ, எக்ஸ்எம்ஜி, நெதர்லாந்தின் நோவாகஸ்டம் ஆகியோர் விற்கும் பல லேப்டாப்புகள் க்ளெவோ உடல்களே. சீனாவின் டாங்ஃபாங்கும் இதே தொழிலில் இருக்கிறது. லோகோ வேறாக இருந்தாலும் அடிப்பக்க ஸ்டிக்கரில் அசல் மாடல் எண் இருக்கும். அந்த எண்ணை வைத்துத் தேடினால்தான் பேட்டரியும் விசிறியும் கிடைக்கும். விற்ற கம்பெனி வைத்த பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காது.

இந்த வகைக்கு என் மனசில் ஒரு மரியாதை உண்டு. ரெண்டு ராம் ஸ்லாட், பெரும்பாலும் ரெண்டு எஸ்எஸ்டி ஸ்லாட், கனமான ஹீட்சிங்க், வலுவான கிராபிக்ஸ் எல்லாம் ஒரே உடலில் வருவது இங்கேதான். விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஓட்டுபவர்களுக்கு சிஸ்டம்76, நோவாகஸ்டம் போன்றவர்கள் கோர்பூட் என்ற திறந்த ஃபர்ம்வேரையே (மெஷினை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) போட்டுக் கொடுக்கிறார்கள். குறை என்னவென்றால், வலுவான மாடல்களுக்குப் பெரிய அடாப்டர், அதுவும் உருளைப் பின். பயாஸ் என்னும் அந்த ஃபர்ம்வேர் அப்டேட்டுக்கு விற்ற கம்பெனியைத்தான் நம்ப வேண்டும். ரிச்சி தெருவில் நுழைந்து "க்ளெவோ பேட்டரி இருக்காண்ணா?" என்று கேட்டால், "அது எந்தக் கம்பெனிங்க?" என்று திருப்பிக் கேட்பவர்களே அதிகம்.

வெளியிலிருந்து வரவழைக்கும் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2023 ஆகஸ்ட் 3 அன்று மத்திய அரசு லேப்டாப் இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்று அறிவித்தது. அதே அறிவிப்பில், தபால், கூரியர், ஆன்லைன் தளம் வழியாக ஒரே ஒரு லேப்டாப்பை வாங்குவதற்கு உரிமம் தேவையில்லை, வரி கட்டினால் போதும் என்று விலக்கும் இருந்தது. விமானத்தில் வருகிற 18 வயது நிறைந்த பயணி ஒருவர் ஒரு லேப்டாப்பை வரியில்லாமல் கொண்டுவரலாம். ஆகவே கூரியரைவிட வருகிற மாமாவின் கையே நமக்கு லாபம். ஆனால் அவர் தன் ஆபீஸ் லேப்டாப்பையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தால் கணக்கு இரண்டாகிவிடும். முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

இன்னும் ரெண்டு பெயர்கள் காதில் விழும். இன்டெல் என்யூசி (அதன் குட்டிக் கம்ப்யூட்டர் வரிசை) லேப்டாப் கிட்: 2020ல் எம்15, அடுத்து எக்ஸ்15 என்று வந்தன. 2023 ஜூலையில் இன்டெல் என்யூசி தொழிலைவிட்டே விலகி ஆசுஸிடம் ஒப்படைத்தது. எம்15ல் ராமும் போர்டோடு ஒட்டியது. இனி அதைத் தேட வேண்டாம். பெர்லினின் எம்என்டி ரிஃபார்ம்: சர்க்யூட் வரைபடம்வரை எல்லாமே திறந்து வைக்கப்பட்டது, உதிரியாக வாங்கி முழுசாக நாமே கோக்கலாம், பேட்டரிகூடத் தனித்தனி செல்களாகத்தான் இருக்கும். எலக்ட்ரானிக்ஸ் கற்றுக்கொள்ள அருமையான பொருள். வேகத்துக்கோ அன்றாட காலேஜ் வேலைக்கோ கொடுக்கிற விலைக்கு ஈடாகாது.

ரெண்டு ஸ்லாட் வைத்த புது லேப்டாப்

சிலருக்கு வாரண்டி இல்லாமல் தூக்கம் வராது. அதில் தப்பே இல்லை. அவர்களுக்கு ஒரு நடுவழி உண்டு. விண்டோஸ் இல்லாமல் டாஸ் என்று போட்டு விற்கிற மாடலை, இருப்பதிலேயே குறைந்த ராம், குறைந்த எஸ்எஸ்டியோடு வாங்கி, மீதியை நாமே போட்டுக்கொள்வது. பேர்போனின் பலனில் பாதி இதிலேயே கிடைத்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று: ராம் ஸ்லாட்டில் இருக்கிறதா, போர்டோடு ஒட்டிய ஆன்போர்டா. ஸ்பெசிஃபிகேஷன் தாளில் 'சோல்டர்டு' என்றோ, ராம் வகை எல்பிடிடிஆர் என்று தொடங்கியோ இருந்தால் வாங்குகிற அன்றைய அளவே முடிவு. எல்பிடிடிஆரிலேயே கழற்றி மாட்டும் புது வகை ஒன்று 2024ல் தின்க்பேட் பி1ல் வந்தது. நம் பட்ஜெட்டுக்கு அது இன்னும் இறங்கவில்லை. ஒன்று ஆன்போர்டு, ஒன்று ஸ்லாட் என்று வருவது சுமார். ரெண்டும் ஸ்லாட்டாக இருப்பதே நல்லது. லெனோவாவின் தின்க்பேட் ஈ14ல் 2024ல் வந்த ஆறாம் தலைமுறையில் ரெண்டும் ஸ்லாட். அதற்கு முந்தைய ஐந்தாம் தலைமுறையில் ஒன்று ஆன்போர்டு. பெயர் ஒன்றுதான், ஒரு எண் மாறினால் உள்ளே எல்லாமே மாறிவிடுகிறது. ஆகவே கடைக்காரர் சொல்லை மட்டும் வைத்து வாங்காதீர்கள். கம்பெனித் தளத்தில் மாடல் எண்ணைப் போட்டுப் பாருங்கள். அதே வருஷம் வந்த தின்க்பேட் டி14 ஐந்தாம் தலைமுறைக்கு ஐஃபிக்ஸிட் பத்துக்கு ஒன்பது கொடுத்தது; விலை கட்டுப்படியானால் அதுவும் சிறப்பு. கேமிங் லேப்டாப்புகளில் பெரும்பாலும் ரெண்டு ஸ்லாட் இருக்கும். கிராபிக்ஸ் தேவைப்படுபவர்கள் க்ளெவோவைத் தேடுவதைவிட இவற்றில் ஒன்றை எடுப்பதே நம் ஊருக்குப் பொருந்தும்.

வாரண்டி என்றதும் இன்னொரு கேள்வி. ஆன்சைட் (வீட்டுக்கே வந்து பழுதுபார்ப்பது) என்று எழுதியிருப்பது உங்கள் பின்கோடுக்கும் செல்லுமா? எல்லை ஊர்களில் இதைக் கேட்காமல் வாங்கக் கூடாது. மெஷினை வாங்குவது சென்னையில், வசிப்பது சித்தூர் மாவட்டத்தில் என்றால், பழுதாகும்போது எந்த ஊர் சென்டர் பொறுப்பு என்பதை வாங்கும் முன்பே போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய ஆபீஸ் மெஷினே நமக்கு பேர்போன்

இப்போது நான் மனசாரப் பரிந்துரைப்பதற்கு வருகிறேன். பெரிய கம்பெனிகள் மூன்று நான்கு வருஷம் ஓட்டிவிட்டு மொத்தமாகக் கழித்துவிடும் லெனோவா தின்க்பேட், டெல் லேட்டிட்யூட், எச்பி எலைட்புக் வகைகள். இவற்றை ரீஃபர்பிஷ்டு என்று விற்கிறார்கள். நான் சொல்வது அப்படியே வாங்கி ஓட்டுவதை அல்ல. போர்டும் உடலும் திரையும் நன்றாக இருக்கிற ஒன்றை எடுத்து, அதையே பேர்போனாக நினைத்து, மீதியை நாமே புதுசாக்குவதை.

காரணம் எளிது. ஒரே மாடல் ஆயிரக்கணக்கில் வெளியே வருவதால் அதன் பாகங்களும் ஆயிரக்கணக்கில் வருகின்றன. தின்க்பேட் டி480 கீபோர்டு வேண்டும் என்றால் ரிச்சி தெருவில் ரெண்டு மூன்று கடை ஏறி இறங்கினால் கிடைக்கும். ஹின்ஜ் (திரை மடங்கும் கீல்), மேல்மூடி, விசிறி, பேட்டரி எல்லாம் அப்படியே. பிரிப்பது எப்படி என்று கம்பெனியே படம் போட்டு எழுதிய சர்வீஸ் கையேடு லெனோவா, டெல், எச்பி மூன்றுக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. மெஷின், பாகம், கையேடு மூன்றும் ஒரே இடத்தில் கூடுவது வேறு எந்த வழியிலும் இல்லை.

2018ல் வந்த தின்க்பேட் டி480ஐ எடுத்துக்கொள்வோம். ரெண்டு டிடிஆர்4 ஸ்லாட். ரெண்டு பேட்டரி: உள்ளே 24 வாட்-அவர், வெளியே கழற்றி மாட்டுவது 24, 48, 72 என்று மூன்று அளவில். உள்ளே ஒன்று இருப்பதால் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளி பேட்டரியை மாற்றலாம். கரண்ட் கட் ஊருக்கு இதைவிட வசதியான ஏற்பாடு ஒன்றை நான் பார்க்கவில்லை. சார்ஜ் டைப்-சியில். பின்மூடியின் ஸ்க்ரூக்கள் தளர்ந்து மூடியோடே நிற்கும், கட்டிலுக்கு அடியில் உருண்டு ஓடாது. திறப்பதற்கு முன் பயாஸில் போய் உள் பேட்டரியை முடக்கும் ஒரு தேர்வு இருக்கிறது, அதை அழுத்திவிட வேண்டும். பிறகு சார்ஜரை மாட்டினால்தான் மீண்டும் உயிர் வரும். அதற்குள் பிரஷ்ஷும் ட்வீசரும் வைத்துப் பஞ்சை எடுத்துவிடலாம்.

இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்க வேண்டாம். கடைகளில் ஆறு, ஏழாம் தலைமுறை மெஷின்களைக் கொஞ்சம் விலை குறைத்துத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறைப்படி ஏறும். அதைவிடப் பெரிய காரணம், ஏழாம் தலைமுறை ஐ5-7200யூவில் ரெண்டு கோர், எட்டாம் தலைமுறை ஐ5-8250யூவில் நான்கு. ஒரே ஒரு தலைமுறையில் கோர் இரட்டிப்பானது அங்கேதான்.

கையில் இன்னும் கொஞ்சம் பணம் இருந்தால் 2021ல் வந்த லேட்டிட்யூட் 5420 அல்லது எலைட்புக் 840 ஜி8. ரெண்டிலும் 11ஆம் தலைமுறை, ரெண்டு டிடிஆர்4 ஸ்லாட், டைப்-சி சார்ஜ். டி480ன் வெளி பேட்டரி வசதி இல்லை, ஆனால் உடல் வயது குறைவு, உள் கிராபிக்ஸ் கணிசமாக வேகம். நகரிப் பக்கம் தறி டிசைன் வரைகிற ஒரு பையனுக்கு இதைத்தான் சொன்னேன். பெரிய படக் கோப்புகளை ஒரே நேரத்தில் திறந்து வைக்கிற வேலைக்கு அவனுக்குத் தேவைப்பட்டது 32 ஜிபி ராம்தான், கிராபிக்ஸ் கார்டு அல்ல.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை இருக்கின்றன, இதில் அவசரமே கூடாது. முதலில் ஆன் செய்யும்போதே பயாஸுக்குள் போங்கள்: லெனோவாவில் எஃப்1, டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10. பாஸ்வேர்டு கேட்டால் அந்த மெஷினை அங்கேயே வைத்துவிடுங்கள், "அது ஒண்ணும் இல்லண்ணா, எடுத்துக் கொடுத்துடலாம்" என்றாலும். அடுத்து, போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, விண்டோஸை முழுசாக ரீசெட் செய்யச் சொல்லி, முதல் செட்டப் திரை வரும்வரை காத்திருங்கள். ஏதோ ஒரு கம்பெனியின் பெயரைக் காட்டி ஆபீஸ் இமெயில் கேட்டால், மெஷின் இன்னும் அந்தக் கம்பெனியின் பிடியில் இருக்கிறது. ரெண்டு டைப்-சி போர்ட்டிலும் சார்ஜ் ஏறுகிறதா என்று தனித்தனியாகப் பாருங்கள். டி480ல் தண்டர்போல்ட் என்ற வேகமான டைப்-சி போர்ட் பழைய ஃபர்ம்வேரால் கெட்டுப்போகும் குறை இருந்து, லெனோவா அப்டேட் வெளியிட்டது. வாங்கியதும் முதல் வேலை அந்த அப்டேட். திரையின் ஒரு மூலையை ஒரே விரலால் தூக்கிப் பாருங்கள். ஹின்ஜ் பக்கம் நெறுநெறுவென்றால் உள்ளே பிளாஸ்டிக் உடைந்திருக்கிறது. வெள்ளைப் படம் ஒன்றைத் திரை முழுக்க விரித்தால் புள்ளிகளும் மங்கலும் தெரிந்துவிடும்.

விண்டோஸ் எடுத்துத் தரும் பேட்டரி ரிப்போர்ட்டில் ரெண்டு எண் வரும்: செய்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது முழுதாக ஏறும் கொள்ளளவு. ரெண்டாவது எண் முதல் எண்ணில் பாதியளவே இருந்தால், புது பேட்டரி விலையைக் கழித்துப் பேசுங்கள். மாறாக ரெண்டும் துல்லியமாக ஒரே எண், சைக்கிள் எண்ணிக்கை (எத்தனை முறை சார்ஜ் ஆனது என்ற கணக்கு) பூஜ்யம் என்றால் அது பெரும்பாலும் புதுசாகப் போட்ட, வேறு கம்பெனி செய்த கம்பேட்டிபிள் பேட்டரி. எந்தக் கம்பெனி, எத்தனை மாத வாரண்டி என்று பில்லில் எழுதி வாங்குங்கள். இந்த வழியில் உள்ள உண்மையான பலவீனம் இதுதான். பழைய மாடல்களுக்கு ஒரிஜினல் பேட்டரி அரிதாகிக்கொண்டு வருகிறது, கம்பேட்டிபிளில் தரம் ஏறி இறங்குகிறது.

உள்ளே என்ன போடுவது

ராமில் இப்போது ஒரு புதுக் கணக்கு சேர்ந்திருக்கிறது. 2025 கடைசியில் மெமரி சிப்புகள் ஏஐ சர்வர்கள் பக்கம் திரும்ப, ராம் விலை வேகமாக ஏறியது. மைக்ரான் கம்பெனி அந்த டிசம்பரில் தன் குரூசியல் பிராண்டைச் சில்லறைச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்வதாகவே அறிவித்தது. முன்பெல்லாம் ராம் இல்லாத உடலை வாங்கி வெளியில் மலிவாக ராம் வாங்குவது பேர்போனின் முக்கிய லாபம். டிடிஆர்5 கேட்கும் புது உடல்களுக்கு அந்த லாபம் சுருங்கிவிட்டது. உள்ளேயே 16 ஜிபி டிடிஆர்4 ராமோடு வரும் பழைய மெஷினின் மதிப்பு அதே அளவுக்குக் கூடிவிட்டது. டிடிஆர்4 குச்சியில் 260 பின், டிடிஆர்5ல் 262, வெட்டும் வேறிடத்தில். ஒன்று மற்றதில் ஏறாது, அழுத்திப் பார்க்க வேண்டாம். போட்டதும் ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஒரு ராத்திரி ஓடட்டும்.

எஸ்எஸ்டியில் நீளத்தைப் பாருங்கள்: 2230, 2242, 2280 என்பதில் கடைசி ரெண்டு இலக்கமும் மில்லிமீட்டரில் நீளம். டி480 சாட்டா (பழைய 2.5 இஞ்ச் டிஸ்க் வகை) தட்டோடும் வரும், எம்.2 (குச்சி வடிவ எஸ்எஸ்டி) தட்டோடும் வரும். எது இருக்கிறது என்று பார்க்காமல் எம்.2 தட்டில் உட்காரும் என்விஎம்ஈ எஸ்எஸ்டி வாங்கினால் தனியாக அடாப்டர் தட்டு தேட வேண்டியிருக்கும்.

வைஃபை கார்டில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று. இன்டெல் ஏஎக்ஸ்210, ஏஎக்ஸ்211 ரெண்டும் பார்க்க ஒன்றுதான், கடையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஏஎக்ஸ்211 அதற்கென ஆதரவு உள்ள இன்டெல் போர்டில் மட்டும் ஓடும். ரைசன் போர்டில் போட்டால் உயிரே வராது. ஏஎக்ஸ்210 ரெண்டிலும் ஓடும். ஆன்டெனா வயர் முனை அரிசி அளவு. நேராக மேலிருந்து விரல் நகத்தால் அழுத்தினால் 'டிக்' என்று உட்காரும், சாய்த்து அழுத்தினால் நசுங்கிவிடும்.

லினக்ஸ் போட்டால் தமிழ்99, தெலுங்கு இன்ஸ்கிரிப்ட் ஆகிய தட்டச்சு முறைகள் கூடவே வருகின்றன. ஒரே சாவியில் மாற்றிக்கொள்ளலாம். பஞ்சாயத்து ஆபீஸ் மனு தெலுங்கிலும் வீட்டுக் கடிதம் தமிழிலும் எழுதுகிற நம் ஊர்க்காரர்களுக்கு இதை முதல் நாளே செட் செய்து கொடுத்துவிடுங்கள்.

அண்ணன் மகள் கடைசியில் லேட்டிட்யூட் 5420 எடுத்தாள். டெக்சாஸ் மாமாவிடம் மெஷினுக்குப் பதில் நல்ல ஸ்க்ரூடிரைவர் செட் ஒன்றும் 1 டிபி எஸ்எஸ்டியும் கேட்டிருக்கிறாள். அவளுக்கு நான் சொன்ன ஒன்றை உங்களுக்கும் சொல்கிறேன்: பில்லில் மெஷினின் சர்வீஸ் டேக் எண் (அந்த ஒரு மெஷினுக்கே உரிய எண்) எழுதப்பட்டிருக்க வேண்டும், 'லேப்டாப் ஒன்று' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்காதீர்கள். எல்லை தாண்டி வீட்டுக்கு எடுத்துவந்த பிறகு அந்த எண் இருக்கிற பில் ஒன்றுதான் கடைக்காரரிடம் திரும்பிப் போகும்போது உங்கள் பக்கம் பேசும்.